கருங்கிடாவின் வெள்ளை முடி

ஜூலை 28

இந்த ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கு மாற்றலாகி வந்து இத்தனை நாளில் இன்றுதான் எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுக்க ஒரு ஆள் வந்தார். தொழிற்பேட்டை வாசலில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கம் அண்ணாச்சி. உடன்குடிப் பக்கத்துக்காரர். ஆட்டோவின் பின்சீட்டு முழுவதையும் ஒரு கிடாவுக்குக் கொடுத்துவிட்டு, தான் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு வந்தார். மரியாதை யாருக்கு என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

கிடா நல்ல கறுப்பு. கொம்பு, குளம்பு, மூக்கு நுனி எல்லாம் கறுப்பு. அண்ணாச்சியின் மகள் சந்தனமாரிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து இப்போதுதான் பிள்ளை தங்கியிருக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். நல்லபடியாகப் பெற்றெடுத்தால் ஊர்ச் சாமிக்குக் கருங்கிடா வெட்டுவதாக நேர்ந்திருக்கிறார்கள். அந்தக் கிடாவுக்குத்தான் இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு முடி உதிர்ந்து தோல் தெரிகிறது.

“உடம்புல ஒரு வெள்ள முடி கெடந்தாலும் சாமி ஏத்துக்கிடாது டாக்டரம்மா. இப்பம் என்னடான்னா முடியே நிக்க மாட்டேங்கு. நேந்த கெடாய்க்கு ஒண்ணுன்னா எம் மவளுக்கும் பிள்ளைக்கும் என்னமும் ஆயிருமோன்னு பயமா இருக்கு.”

“சொறிதான் அண்ணாச்சி. ரெண்டு ஊசியில சரியாயிடும்” என்றேன். ஊசியைப் போட்டேன். சோடாவைக் குடித்தேன். சோடா நன்றாக இருந்தது.

ஜூலை 31

சொறி இல்லை. தோலைச் சுரண்டி எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்கப் பார்த்தேன். ஒரு பூச்சி கிடையாது. படர்தாமரையும் கிடையாது. யோசித்துப் பார்த்தால் அந்தக் கிடா ஒரு தடவைகூட எதிலும் உடம்பைத் தேய்க்கவில்லை. சொறி வந்த ஆடு சும்மா நிற்குமா? சோடா குடிப்பதற்கு முன்பே எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5

கடைக்கே போய்ப் பார்த்தேன். உடைந்த மோட்டார், வளைந்த கம்பி, லாரி பேட்டரி, கழற்றிப் போட்ட பாய்லர் தகடு. நுழைந்தவுடன் இடதுபுறம் எடைமேடை. வீடு பின்னால், தனிச் சுற்றுச்சுவருக்குள் தள்ளி இருக்கிறது. சந்தனமாரி அங்கேதான் இருக்கிறாள். கடைப் பக்கம் வரக் கூடாது என்று அவள் அம்மா பிரம்மசக்தியின் உத்தரவு.

வலதுபுறம், கேட்டை ஒட்டிப் புங்க மரத்தடியில் கிடாவைக் கட்டும் முளைக்கம்பம். அதில் எலுமிச்சை, மிளகாய், சங்கு, கறுப்புக் கயிறு, ஒற்றைச் செருப்பு என்று திருஷ்டிச் சாமான்கள் ஒரு கடை அளவுக்குத் தொங்குகின்றன. நடுவே விரல் நீளத்துக்கு ஒரு குட்டிச் சங்கிலி. நுனியில் சின்னக் குப்பி மாதிரி ஏதோ ஒன்று பளபளவென்று மின்னியது. அந்தக் கடையிலேயே துருப்பிடிக்காத சாமான் அது ஒன்றுதான்.

“வளைகாப்பு அன்னைக்கு மாட்டுனது” என்றார் அண்ணாச்சி. “ஏதோ லோடுல வந்துச்சு. மழை வெயிலு எதுக்கும் மங்க மாட்டேங்கு. நல்ல சகுனம்லா? அதான் கெடாய்க்குக் காவலா மாட்டுனேன். இப்பம் ஊர்க்கண்ணு பட்டுட்டு. கயித்தக் கொறச்சுப் பக்கத்துலயே கெட்டிப் போட்டிருக்கேன். சீக்கிரம் எறங்கிரும்.”

எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை இல்லை. ஆனால் நிழலாவது கிடைக்கிறதே என்று விட்டுவிட்டேன். என் கண் பேட்டரிக் குவியல் மேல் இருந்தது. ஈய விஷமாக இருக்கலாம். அமிலமாகவும் இருக்கலாம்.

கேட்டில் ஒரு செம்பட்டை நாய் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தது, எழுந்திருக்கவில்லை. பெயர் மேனேஜர். “காலைல வந்து உக்காரும், சாயந்தரம் வரைக்கும் ஒரு வேலையும் செய்யாது. வேற என்ன பேரு வைக்க?” என்றார் அண்ணாச்சி. நான் மாட்டு டாக்டர். நாய்கள் எனக்கு எப்போதுமே ஆகாது. நக்கும், குதிக்கும், நம் சேலை நம்முடையதாக இருக்காது.

ஆகஸ்ட் 11

கிடா தீனி எடுக்கவில்லை. மூன்று நாளாகக் கழிச்சல். ரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்தேன். வெள்ளையணுக்களைத் தேட வேண்டியிருந்தது. திருவிழா முடிந்த மறுநாள் மைதானம் மாதிரி அங்கொன்று இங்கொன்று. சில்லுதான் சரியில்லை என்று இன்னொன்று தடவினேன். அதுவும் அப்படித்தான்.

கிடாவை மருந்தகக் கொட்டகையிலேயே கட்டச் சொல்லிவிட்டேன். ரத்தம், சாணம் இரண்டையும் ஈயச் சோதனைக்கு அனுப்பியாயிற்று. அண்ணாச்சி தினம் ஒரு கட்டுப் புளியந்தழையோடு வந்து கிடாவின் காதில் ஏதோ பேசிவிட்டுப் போகிறார்.

ஆகஸ்ட் 19

இப்போது மேனேஜர். கிடா போன பிறகு அதன் இடத்தில், முளைக்கம்பத்தடி ஈர மணலில் போய்ப் படுத்துக்கொண்டதாம். வலது விலாவில் முடி உதிர்ந்து, தோல் சிவந்து, நடுவில் புண். வாயைத் திறந்து பார்த்தால் ஈறில் ரத்தம். காய்ச்சல். ரத்தத்தில் அதே காலி மைதானம்.

மருந்தகத்தில் நாயைப் போட்டு வைக்க இடம் இல்லை. உதவியாளர் செபஸ்தியானிடம் கேட்டேன். “எங்க வீட்ல கோழி இருக்கு மேடம்” என்றார். அவர் வீட்டில் கோழி இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். வேறு வழியில்லாமல் என் குவார்ட்டர்ஸ் பின்கட்டில் ஒரு சாக்கைப் போட்டேன். சாக்கு மட்டும்தான்.

ஆகஸ்ட் 23

சாக்கு சொரசொரப்பாக இருப்பதால் புண் உரசுகிறது. பழைய நூல் சேலை ஒன்றை மடித்துப் போட்டேன். எப்படியும் கிழிந்த சேலைதான்.

செப்டம்பர் 3

வெற்றி! கிடா தழையைப் பறித்துப் பறித்துத் தின்கிறது. மேனேஜருக்குக் காய்ச்சல் இல்லை, ஈறு சுத்தம், ரத்தத்தில் அணுக்கள் தலைகாட்டுகின்றன. எல்லாம் என் மருந்தின் மகிமை. அண்ணாச்சியிடம் கொஞ்சம் அளந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவரும் வாயைப் பிளந்து கேட்டார். நாளை நாயை அனுப்பிவிடலாம். கிடா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், முடி முளைக்கட்டும்.

செப்டம்பர் 4

நாய் போய்விட்டது. வீடு அமைதியாக இருக்கிறது. இதைத்தான் எதிர்பார்த்தேன்.

விருந்தாளிக்கென்று வாங்கிய பிஸ்கெட் பாக்கெட் காலி. விருந்தாளி யாரும் வந்த ஞாபகம் இல்லை.

செப்டம்பர் 9

சந்தனமாரிக்கு ஆண் குழந்தை. ஆபரேஷன்தான், ஆனால் இருவரும் நலம். அண்ணாச்சி மருந்தகத்துக்கு மிக்சரும் லட்டும் கொண்டுவந்து மாடு பிடித்து நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஒரு எருமைக்கும் லட்டு கிடைத்தது. “ஆஸ்பத்திரில ஒரு வாரம் வச்சிருப்பாவளாம். வீட்டுக்கு வந்தவொடன தொட்டில் கெட்டிரணும். அதுக்குள்ள கெடாய்க்கு முடி மொளச்சிருமா டாக்டரம்மா?” முளைத்துவிடும் என்றேன்.

செப்டம்பர் 10

முளைத்துவிட்டது. வெள்ளையாக.

கறுப்புத் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு, பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளை முடி. தேய்த்துப் பார்த்தேன், தண்ணீர் விட்டுக் கழுவியும் பார்த்தேன். அண்ணாச்சி கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். “சாமி என்னத்தையோ சொல்லுது. பிள்ள பொறந்த நேரம் பாத்து இப்பிடி ஆயிட்டே” என்று அழுதார். அறுபது வயது மனிதர் அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 12

மேனேஜரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடக்கவில்லை. மூக்கிலும் ரத்தம். ஈயச் சோதனை முடிவும் இன்றைக்கே வந்து தொலைத்தது. ஈயம் இல்லை, ஆர்சனிக் இல்லை, எதுவும் இல்லை.

என்னிடம் இருந்தால் தேறுகிறது, அங்கே போனால் சாய்கிறது. என் மருந்து ஒன்றும் செய்யவில்லை. ஒரு வாரமாக ஊரெல்லாம் பெருமையடித்தேனே! இடத்தில்தான் ஏதோ இருக்கிறது.

நாய் என் புடவை முந்தானையில் தலையை வைத்துக்கொண்டு பார்த்தது. நான் நகரவில்லை. உடம்பு முடியாத பிராணியை அலைக்கழிக்கக் கூடாது என்பதற்காக.

செப்டம்பர் 13

ஞாபகம் வந்துவிட்டது!

காலேஜில் நோயியல் புத்தகத்தின் கடைசியில் ஒரு பாடம் இருந்தது. பேராசிரியர் அதைத் தொடாமலே போனார். “கதிர்வீச்சு. நீங்க மாடு பார்க்கப் போறவங்க, இது உங்களுக்கு வரவே வராது. பரீட்சையிலும் வராது” என்றார். நாங்கள் அந்தப் பக்கங்களில் படம் வரைந்து வைத்திருந்தோம். பரணிலிருந்து பெட்டியை இறக்கிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். நான் வரைந்த மீசைக்கு நடுவே எழுதியிருக்கிறது, எல்லாமே.

உடம்பில் எந்தத் திசு ஓயாமல் பிரிந்து வளர்கிறதோ அதுதான் முதலில் சாகும். முடியின் வேர். குடலின் உள்தோல், அதனால் கழிச்சல். எலும்பு மஜ்ஜை, அதனால் வெள்ளையணு காலி, அப்புறம் ரத்தம் உறையாமல் கசிவது. முடி திரும்ப முளைத்தால் நிறம் கொடுக்கும் அணுக்கள் செத்திருக்கும். வெள்ளையாகத்தான் முளைக்கும். கிடாவின் தோளை அப்படியே பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

அடுத்த வரியை இரண்டு தடவை படித்தேன். எல்லாவற்றையும்விட வேகமாகப் பிரிந்து வளர்வது, பிறந்த குட்டியின் உடம்பு.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். “இரும்புக் கடையில ரேடியேஷனா? ரெண்டு நாள் லீவு போட்டுத் தூங்குங்கம்மா, வேலைப்பளு ஜாஸ்தி” என்றார். ஆதாரம் இல்லாமல் இனி யாரிடமும் பேசப் போவதில்லை.

செப்டம்பர் 14

அடுத்த தெருப் பல் டாக்டர் அன்வர்தீனிடம் போனேன். அவரிடம் இன்னும் பழைய எக்ஸ்ரே ஃபிலிம்தான். கறுப்புத் தாளில் பொதிந்த குட்டிக் குட்டிப் பாக்கெட். வெளிச்சம் உள்ளே போகாது, ஆனால் எக்ஸ்ரே மாதிரிக் கதிர் பட்டால் கறுத்துவிடும். நாலைந்து கேட்டேன்.

“யாருக்குப் பல் வலி?”

“ஒரு கம்பத்துக்கு.”

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கொடுத்தார்.

ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் ஒரு ஊக்கை ஒட்டினேன். கதிர் இருந்தால் ஊக்கு மறைத்த இடம் மட்டும் வெளுத்து நிற்கும். ஒன்றை முளைக்கம்பத்தில் கட்டினேன். ஒன்று எடைமேடையில், ஒன்று வீட்டுக்குள் சந்தனமாரி படுக்கும் அறை ஜன்னலில், ஒன்று என் மேசையில். “பூச்சி பிடிக்கிற மருந்து” என்று அண்ணாச்சியிடம் பொய் சொன்னேன். அந்தப் பக்கம் யாரும் உட்கார வேண்டாம், மருந்து கெட்டுப்போகும் என்றும் சொன்னேன். தெரிந்ததைச் சொல்லிவிடலாம் என்றால், தெரிந்தது என்ன? ஒரு புத்தகமும் என் பயமும்தான்.

செப்டம்பர் 16

சாயங்காலம் பாக்கெட்டுகளை எடுத்து வந்து அன்வர்தீனிடம் கொடுத்தேன். கிளினிக்கில் கூட்டம். நாளைக் காலையில் முதல் வேலையாகக் கழுவித் தருகிறேன் என்றார். மேனேஜர் இன்று பாலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

செப்டம்பர் 17

இன்று நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

காலையில் அன்வர்தீன் தன் இருட்டுப் பெட்டியில் கைவிட்டுக் கழுவிய ஃபிலிம்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். என் மேசையில் இருந்தது தெளிவு. சந்தனமாரி அறையில் இருந்ததும் தெளிவு, கண்ணாடி மாதிரி. அதைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எடைமேடை லேசாக மங்கல். கடைசியாக முளைக்கம்பம். கன்னங்கரேல் என்று ஒரு சதுரம். நடுவில் வெள்ளையாக, கூர் நுனி வரை பிசகாமல், என் ஊக்கு.

“யா அல்லாஹ்” என்றார் அன்வர்தீன். “அந்தக் கம்பத்துல என்னங்க இருக்கு?”

அப்போதுதான் எனக்கு அந்தத் துருப்பிடிக்காத சங்கிலி கண்முன் வந்தது. கிடாவுக்குக் காவலாக மாட்டியது. திருஷ்டி சீக்கிரம் இறங்கட்டும் என்று கயிற்றைக் குறைத்துக் கிடாவை அதன் பக்கத்திலேயே கட்டியது.

திருச்சியில் புற்றுநோய்க்குக் கதிர் வைக்கும் ஆஸ்பத்திரி ஒன்றின் எண்ணை அன்வர்தீன் தேடிக் கொடுத்தார். அங்கே கதிர்களை அளக்கும் அதிகாரி தமயந்தி என்ற பெண். நான் சொல்லச் சொல்ல ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. “கையால யாரும் தொடக்கூடாது. எல்லாரையும் தள்ளி நிறுத்துங்க. மீட்டரோட கிளம்பிட்டேன்” என்றார். யாரோ ஒருவர் நம்மை நம்பினால் உடம்பில் எவ்வளவு தெம்பு வருகிறது!

அண்ணாச்சிக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போனேன். கடை வாசலில் மாவிலைத் தோரணம். ஒரே கூட்டம். அப்போதுதான் உறைத்தது, இன்று பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள்! முளைக்கம்பத்தைப் பார்த்தேன். எலுமிச்சை இருந்தது, சங்கு இருந்தது, செருப்பு இருந்தது. சங்கிலி இல்லை.

“அதைக் கழட்டி மஞ்சத்தண்ணில கழுவியாச்சு” என்றாள் பிரம்மசக்தி, பட்டுப் புடவையில், முகமெல்லாம் சிரிப்பாக. கையில் ஆரத்தித் தட்டு. சிவந்த தண்ணீருக்கு நடுவே அது கிடந்து மின்னியது. “ஆலாத்தி சுத்திட்டு அப்பிடியே தொட்டில்ல கெட்டிருவோம்னு அவுக சொன்னாவ. கெடாய்க்குப் பட்ட கண்ணு பிள்ளைக்குப் படக்கூடாதுல்லா?”

பின்னால் கார் ஹாரன் கேட்டது.

“தட்டைக் கீழ வைங்க!” என்று கத்தினேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. கூட்டமே என் பக்கம் திரும்பியது. ஆரத்தித் தட்டைக் கீழே வைக்கச் சொல்கிறவளை எந்தத் தாய்க்குப் பிடிக்கும்? பிரம்மசக்தி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். எனக்கு உயிரே போயிற்று.

“என்ன டாக்டரம்மா, நல்ல நாளும் அதுவுமா இப்பிடி அபசகுனமாப் பேசுதிய?” அண்ணாச்சியின் முகம் சிவந்துவிட்டது.

ஃபிலிமை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “அண்ணாச்சி, இது உங்க கம்பத்துல இருந்தது. அந்தச் சங்கிலியிலேருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வருது. கெடா எந்தத் தோளை அதுகிட்டக் காட்டிட்டு நின்னுது? நாய் எந்த விலாவைக் காட்டிட்டுப் படுத்துது? அங்கதானே முடி போச்சு? கண்ணு பட்டு இல்ல அண்ணாச்சி. நீங்க காவலுக்கு மாட்டினதுதான் அதைத் தின்னுது. இப்ப அதைப் பிள்ளை தலைமாட்டுல கட்டப் போறீங்க.”

அவர் ஃபிலிமைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். வலது கையால் தன் இடது தோளைத் தொட்டார், பிறகு கம்பத்தின் பக்கம் திரும்பி நின்று பார்த்தார். எந்தப் பக்கம் என்று அவர் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. ஆயுள் முழுக்க எடைமேடையில் நின்று ஏமாற்றுகிறவனையும் ஏமாற்றாதவனையும் முகம் பார்த்துப் பிரித்தவர். என் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார்.

அவ்வளவுதான். மனைவி கையிலிருந்து தட்டைப் பிடுங்கினார். கையை முழுக்க நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஆள் இல்லாத கடைக்கோடி மூலைக்கு ஓடித் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தார். அவ்வளவு வேகமாக அவர் ஓடி யாரும் பார்த்ததில்லையாம்.

காரை மறித்து, சந்தனமாரியைக் குழந்தையோடு அன்வர்தீன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். அவள் பச்சை உடம்போடு ஜன்னல் வழியே என்னைப் பார்த்து, “என்னக்கா, என் பிள்ளைக்கு என்ன?” என்றாள். “ஒண்ணும் இல்ல. ஒண்ணும் ஆகவும் விடமாட்டேன்” என்றேன். பெரிய வாக்குத்தான். அப்போது அதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

தமயந்தி வழியிலிருந்து போனில் சொல்லிக்கொண்டே வந்தார். தூரம்தான் காவல், அப்புறம் கனமான உலோகம். ஈயம் கிடைத்தால் நல்லது என்றார். பேட்டரி உடைக்கிற கடையில் ஈயத்துக்கா பஞ்சம்! ஆட்டுக்குத் தழை பறிக்கிற தொரட்டியில் இன்னொரு மூங்கிலைக் கட்டி நீளமாக்கினார்கள். “இரும்பத் தூக்குத வேல என் வேல. நீங்க தள்ளி நில்லுங்க” என்று அண்ணாச்சி என்னைப் பிடித்துத் தள்ளாத குறை. எட்ட நின்று, கொக்கியால் சங்கிலியைக் கோத்துத் தூக்கி, அடி மூடிய கனத்த பைப்புக்குள் ஒரே தடவையில் போட்டார். ஈயக் கட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்ச் சுற்றிலும் சரித்துவிட்டு எல்லோரும் ரோட்டுக்கு வந்துவிட்டோம்.

தமயந்தி வந்தார். முதலில் தட்டு, தண்ணீர், தொரட்டி, கம்பம், வீடு என்று மீட்டரைக் காட்டினார். எதிலும் எதுவும் ஒட்டவில்லை, குப்பி உடையவில்லை. பைப்பை நெருங்கியபோது மீட்டர் கிறீச்சிட ஆரம்பித்தது. கூட்டமே இரண்டு எட்டு பின்னால் போனது. அவர் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “பெரிய பைப்ல வெல்டிங்கை எக்ஸ்ரே மாதிரிப் படம் எடுக்கிற கருவி இருக்கும். அதுக்கு உள்ள இருக்கிறது இது. யாரோ பொறுப்பில்லாமத் தொலைச்சிருக்காங்க. பழசாகி வீரியம் குறைஞ்சு போச்சு, அதனால தப்பிச்சீங்க. இருந்தாலும் தொட்டில்ல கட்டியிருந்தா…” மீட்டரை அணைத்தார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆட்டைப் பார்த்தா கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார்.

“ஆட்டையும் நாயையும்” என்றேன். அந்தக் கேள்விக்காக மாட்டு டாக்டர் படிப்பை இன்னொரு தடவை படிக்கலாம் போலிருந்தது.

செப்டம்பர் 18

மேலதிகாரி போன் செய்தார். லீவு வேண்டுமா என்று கேட்டார். இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது, வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 19

அதிகாரிகள் ஈயப் பெட்டி கொண்டுவந்து அந்தச் சனியனை எடுத்துப் போய்விட்டார்கள். யார் தொலைத்தது என்று தேடுகிறார்கள். ஊரில் எல்லோரும் கிடாவையும் நாயையும் பார்த்தால் ஒதுங்குகிறார்கள். செபஸ்தியான் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு தழை போடுகிறார். “வெயில்ல நின்னு கறுத்தவன்கிட்டேருந்து வெயிலா அடிக்கும்? அது மேல பட்டதோட சரி, அதுகிட்டேருந்து ஒண்ணும் வராது” என்று திட்டி, கிடாவின் வெள்ளைத் தோளில் கன்னத்தை வைத்துக் காட்டினேன். கிடா என் கண்ணாடியைக் கடித்தது.

மேனேஜர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அதன் ரத்தத்தில் உறைய வைக்கும் அணுக்களே இல்லை.

செப்டம்பர் 21

நாய்க்கு நாய் ரத்தம் ஏற்றினேன். இந்த மருந்தகத்தில் இதுவரை யாரும் செய்ததில்லை, நானும் செய்ததில்லை. அன்வர்தீனின் லாப்ரடார் சுல்தான் மேசையில் ஏறிப் படுத்து, கழுத்தைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு பன் தின்றது. பையைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி நின்றார். அவர் வலது கை விரல் நுனிகளில் கொப்புளம். சங்கிலியைக் கம்பத்தில் கட்டியதும் கழுவியதும் அந்தக் கையால்தான். எனக்கு முன்பே காட்டியிருக்கலாம், கிடாவுக்குத்தானே பார்ப்பீர்கள் என்று விட்டுவிட்டாராம்.

நான் அழவில்லை. கண்ணில் ஸ்பிரிட் தெறித்துவிட்டது.

செப்டம்பர் 22

பால் குடித்தது!! தட்டையும் நக்கியது. என் காலையும் நக்கியது. கால் கழுவ இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

அக்டோபர் 3

எல்லோருடைய ரத்தச் சோதனையும் வந்துவிட்டது. பிள்ளை நூற்றுக்கு நூறு. சந்தனமாரி சுத்தம். கிடாவைத் தூரத்தில் பார்த்ததோடு சரி, அம்மாவின் உத்தரவை மீறி ஒரு நாளும் கம்பத்துப் பக்கம் போகாத புண்ணியவதி. பிரம்மசக்திக்கு ஒன்றும் இல்லை. அண்ணாச்சியின் விரல் ஆறி வருகிறது, வருஷம் இரண்டு தடவை காட்ட வேண்டும். என்னுடையதும் சரியாக இருக்கிறது. எனக்கும் எடுத்தார்கள், எழுத மறந்துவிட்டேன். முடிவு வரும் வரை எழுதப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 12

தொட்டில் போட்டார்கள். நானும் தமயந்தியும் அன்வர்தீனும் போயிருந்தோம். புது மஞ்சள் சேலையில் தொட்டில். மேலே ஒரு சாமான் கிடையாது. “இனிமே ஒரு குண்டூசி கெட்டதுன்னாலும் டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான்” என்று பிரம்மசக்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆரத்தி சுற்றினாள். தட்டில் வெறும் மஞ்சளும் சுண்ணாம்பும்தான். எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன், அவளும் சிரித்துவிட்டாள்.

கிடா மாலையோடு நின்றது. வெள்ளை முடி வந்த கிடாவைச் சாமி ஏற்காது. “சாமியே எனக்கு வேண்டாம்னுட்டாரு. நான் யாரு வெட்டுததுக்கு? பொங்கப் பானை வச்சுக் கும்பிட்டுக்கிடுதோம்” என்றார் அண்ணாச்சி. அந்த முடியைப் பார்த்து அன்று அழுதவர் இன்று விரலால் கோதிக்கொண்டே நின்றார். பிள்ளையைத் தூக்கிவந்து, அந்த வெள்ளைத் தோளில் அதன் குட்டிக் கையை வைத்து எடுத்தார்.

முளைக்கம்பத்தில் எலுமிச்சையும் சங்கும் செருப்பும் போய்விட்டன. அதற்குப் பதில் சட்டம் போட்டு ஒரு சின்னப் படம். கன்னங்கரேல் என்ற சதுரத்தில் வெள்ளையாக ஒரு ஊக்கு. அன்வர்தீனைக் கெஞ்சி வாங்கினாராம். தினம் பொட்டு வைக்கிறார். பொட்டு வைத்தால் படம் மறைகிறது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. என் ஊக்கு பொட்டோடு நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 2

மேனேஜரின் விலாவில் முடி முளைத்துவிட்டது. செம்பட்டை உடம்பில் வெள்ளையாக ஒரு திட்டு, வேட்டி கட்டிக்கொண்ட மாதிரி. இப்போதுதான் மேனேஜர் என்ற பெயருக்குப் பொருத்தம்.

அண்ணாச்சி அதைக் கூட்டிப்போக வந்தார். புதிதாகப் பட்டையெல்லாம் வாங்கி வந்திருந்தார். நான் கையோடு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

“கூட்டிட்டுப் போக முடியாது அண்ணாச்சி. கதிர் பட்ட பிராணியைத் தொடர்ந்து கண்காணிக்கணும். ரத்தம் பார்க்கணும், தோல் பார்க்கணும். டாக்டர் பக்கத்துலயே இருக்கிறதுதான் நல்லதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு.”

“எத்தன நாளைக்கு?”

“அதோட ஆயுசு முழுக்க.”

அண்ணாச்சி என் காலடியில் படுத்திருந்த நாயைப் பார்த்தார். மடித்துப் போட்ட சேலையைப் பார்த்தார். அது கிழிந்த சேலை இல்லை, போன தீபாவளிக்கு எடுத்தது. பெயர் எழுதிய எவர்சில்வர் தட்டையும் பார்த்தார்.

“எந்தப் பக்கத்துல போட்டிருக்கு டாக்டரம்மா?”

நான் புத்தகத்தை மூடி மேசை மேல் வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே பட்டையை அதன் கழுத்தில் கட்டிவிட்டு, காதில் என்னவோ சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் கேட் வரை போய் வழியனுப்பிவிட்டு ஓடி வந்து, என் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக் குதித்தது. புடவை முழுக்கச் சேறு.

பிஸ்கெட் தீர்ந்துவிட்டது. நாளைக்குப் பெரிய பாக்கெட்டாக வாங்க வேண்டும்.